பழைய எனாமல் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: கும்பகோணத்துப் பக்கம் தாத்தா கட்டிய வீடு, அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் தேக்கு. பச்சை எனாமல் பூசியவை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அடித்த பெயிண்ட் வாசல் கதவின் கீழ்ப்பகுதியிலும் மேற்குப் பார்த்த ஜன்னல்களிலும் செதில் செதிலாக உரிகிறது. “உப்புத்தாள் போட்டு ஒரு தேய்ப்பு, மேலே இரண்டு பூச்சு, பொங்கலுக்குள் முடித்துவிடலாம்” என்கிறார் பெயிண்டர். இது போதுமா?

பாதி வீட்டுக்குப் போதும். மீதிப் பாதிக்குப் போதாது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தேய்ப்பதும் தவறு. பழைய பெயிண்ட் என்றாலே மரம் தெரியும்வரை உரித்தாக வேண்டும் என்று நினைப்பதும் தவறு.

நாளை நீங்கள் அடிக்கப்போகும் பெயிண்ட் மரத்தைப் பிடிக்கப்போவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அடித்ததைப் பிடிக்கும். அது அதற்கு முந்தையதைப் பிடித்திருக்கும். இப்படியே போய் அடியில் இருக்கும் ஏதோ ஒரு கிழட்டு அடுக்குதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த வரிசையில் எங்கே பிடி தளர்ந்திருக்கிறதோ, அங்கிருந்து மேலே உள்ளதெல்லாம் ஒன்றாகக் கழன்று வரும். விலை உயர்ந்த பெயிண்ட் வாங்கினால் இது மாறிவிடாது. சொல்லப்போனால் இன்னும் கெடும். எனாமல் காயும்போது கொஞ்சம் சுருங்கும். சுருங்கும்போது அடியில் உள்ளதை இழுக்கும். தளர்ந்த அடுக்கு அந்த இழுப்பிலேயே விட்டுவிடும்.

ஆகவே தேய்ப்பதற்கு முன் கதவைப் படியுங்கள். கண்ணில் படாத ஓர் இடத்தில், கீலுக்குப் பின்புறம் என்று வைத்துக்கொள்வோம், 180 எண் நீர்த்தாளை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய வேண்டும். மரத்தைத் தொட்டதும் நிறுத்தித் துடைத்துப் பார்த்தால், வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல வண்ண வளையங்கள் தெரியும்: வெளியே இப்போதைய பச்சை, உள்ளே சாக்லேட் பழுப்பு, அதற்குள் வெளிர் நீலம், கடைசியில் ரோஜா நிற பிரைமர் (மரத்தின் மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), நடுவில் தேக்கு. வீட்டில் எத்தனை முறை பெயிண்ட் அடித்தார்கள், எப்போது என்ன நிறம் பிடித்திருந்தது என்ற கதை முழுக்க அதில் இருக்கும். நமக்கு வேண்டியது அடுக்குகளின் எண்ணிக்கையும், பிரைமர் இருக்கிறதா என்பதும். ஏழெட்டு அடுக்குக்கு மேல் போயிருந்தால், பிடி நன்றாகவே இருந்தாலும் அந்தக் கனத்துக்கு வளையும் தன்மை இராது. மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது அது கூடவே போக முடியாமல் வெடிக்கும்.

அடுத்தது பிடியைப் பார்ப்பது. புது பிளேடால் மரம்வரை ஆறு கோடு நெடுக்காக, ஆறு கோடு குறுக்காக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் கீறுங்கள். சின்னக் கட்டங்கள் கிடைக்கும். அதன்மேல் பழுப்பு நிறப் பார்சல் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் அந்த இடத்தின் பெயிண்ட் உங்களுக்கு நண்பன். அதைச் சுரண்டிக் காசைக் கரைக்காதீர்கள். பாதிக் கட்டம் டேப்போடு வந்துவிட்டால் அங்கே உரித்தே ஆக வேண்டும். வந்த துண்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் மரநார் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தால், மரமே வெயிலில் வெந்த பிறகு அதன்மேல் அடித்திருக்கிறார்கள். முதுகு கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பழைய நிறத்தில் இருந்தால், பளபளப்பான பூச்சின் மேல் தேய்க்காமலே அடித்திருக்கிறார்கள். வீடு முழுக்க பத்துப் பன்னிரண்டு இடத்தில் இதைச் செய்து, சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலை வேலைதான்.

என் ஊகம், திண்ணை நிழலில் இருக்கும் ஜன்னல்களும் உள் அறைக் கதவுகளும் தேர்ச்சி பெறும். வாசல் கதவின் கீழ் ஒன்றரை அடியும் மேற்கு ஜன்னல்களும் தோற்கும்.

இனி கழுவுவது. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அதுவும் நம் வீட்டு வாசல் நிலைக்கு அறுபது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறோம். மாடத்து விளக்கின் எண்ணெய்ப் புகை பக்கத்துச் சட்டத்தில் படிந்திருக்கிறது. தாழ்ப்பாளைச் சுற்றி மூன்று தலைமுறையின் கைப்பிசுக்கு. சமையலறை ஜன்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தாளிப்பு முழுக்க அங்கேதான் போய் ஒட்டியிருக்கும். இதன்மேல் நேரே உப்புத்தாள் போட்டால் எண்ணெய் போகாது. தாள் கீறிய கீறல்களுக்குள் அது இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் கழுவுவது, பிறகு தேய்ப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா, ரப்பர் கையுறை, தேங்காய் நார். நாரை நன்றாகப் பிழிந்து தேய்க்க வேண்டும். தண்ணீரைக் கதவின்மேல் வாரி ஊற்றக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்தெடுங்கள். சோடா மிச்சம் நின்றால் அதுவே எனாமலைக் கெடுக்கும். ஓரிடத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அழுக்கா பூஞ்சையா என்று பார்க்க பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. அப்படியே இருந்தால் அழுக்கு. பூஞ்சையைக் கொல்லாமல் மேலே பெயிண்ட் அடித்தால் அது உள்ளிருந்தே வளர்ந்து வெளியே வரும். அந்தக் கரைசலோடு வேறு எந்தக் கழிப்பறை அமிலத்தையும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அடுத்து வருவது ஆளைப் பற்றியது, கதவைப் பற்றியதல்ல. உங்கள் கதவில் இருக்கும் பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978-இலேயே கதவை அடைத்துவிட்டது. நாம் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு பின்தங்கினோம். அந்தக் காலத்துப் பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்தான் நிறமி. அந்த மஞ்சளோடு நீலம் கலந்துதான் பல பச்சைகள் வந்தன. ஆக, உங்கள் வீட்டுப் பச்சையின் மேல் சந்தேகம் இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

பெயிண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஈயம் பெரிதாக ஒன்றும் செய்யாது. தூளாகும்போதுதான் ஆபத்து. தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை யாரும் சொல்லிவிட முடியாது. ஆகவே உலர்ந்த உப்புத்தாளும் மின்சாரத் தேய்ப்பானும் இந்த வீட்டுக்குள் வேண்டாம். எல்லாவற்றையும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். கழற்ற முடிந்த கதவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய் இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கப் போடுங்கள், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. வேலை செய்பவருக்கு என்95 முகக்கவசம். கைக்குட்டை கட்டிக்கொள்வது கணக்கில் வராது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். சுரண்டிய செதில்களைக் கிணற்றடியிலோ வாழைக்கொல்லையிலோ கொட்ட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். இரட்டைப் பையில் கட்டி, தீங்கான குப்பை என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

தோற்ற இடங்களில் உரிப்பதற்கு மூன்று வழி உண்டு. தளர்ந்த செதில்களுக்குச் சுரண்டும் தகடே போதும். மரத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, நாரின் ஓட்டத்தோடு இழுங்கள். பிடிவாதமான கனத்த அடுக்குக்கு வெப்பக் காற்றுத் துப்பாக்கி நன்றாக வேலை செய்யும். பெயிண்ட் பப்படம் போலக் கொப்புளிக்கும் அந்த நொடியில் பட்டித் தகட்டை உள்ளே விட வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள், ஈயம் ஆவியாக மூக்குக்குப் போகிறது. தீயால் பெயிண்டைச் சுடும் புளோ லாம்ப்பை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். பழைய நிலைச் சட்டத்துக்குப் பின்னால் கரையான் தின்று போட்ட தூளும் சிலந்திக்கூடும் காய்ந்து கிடக்கும், உள்ளே பிடித்த தீ இரவில்தான் வெளியே தெரியும். மூன்றாவது, இரசாயன உரிப்பான். செதுக்குவேலை உள்ள இடத்துக்கு இதுதான் சரி, உப்புத்தாள் அங்கே தாமரை இதழையெல்லாம் மழுக்கிவிடும். உரிப்பானைத் தடவி, ஊறவிட்டு, மூங்கில் சில்லாலும் தேங்காய் நாராலும் எடுங்கள். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கலந்தது என்றால் மூடிய அறையில் திறக்கவே கூடாது. அதன் ஆவியில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019 முதல் அதைப் பொதுமக்களுக்கு விற்பதில்லை. எடுத்து முடித்ததும் டர்பன்டைனால் துடைக்க வேண்டும், அதிலுள்ள மெழுகு தங்கினால் பிரைமர் பிடிக்காது.

காஸ்டிக் சோடாவில் ஊறப்போடலாம் என்று யாராவது சொல்வார்கள். மலிவு, வேகம் எல்லாம் உண்மைதான். ஆனால் தேக்கைக் கறுக்கடிக்கும், நாரைத் துருத்த வைக்கும், மூட்டைத் தளர்த்தும், கண்ணில் தெறித்தால் கண் போகும். என் கையால் நான் அதைச் செய்வதில்லை.

மரம் வெளியே தெரிந்துவிட்ட இடத்தில் அது சாம்பல் நிறத்தில் இருந்தால், தேன் நிறம் வரும்வரை இறங்குங்கள், முதலில் 80 எண் தாள், பிறகு 120. வெயில் மரநாரைப் பிணைத்திருக்கும் பசையைத் தின்றுவிட்டது. அந்தச் சாம்பல் தோல் எந்தப் பெயிண்டையும் தாங்காது. புதிதாகத் தெரிந்த மரத்தை இரண்டு மூன்று வாரம் வெயிலில் விட்டாலே பிடி குறையத் தொடங்கிவிடும். “தேய்த்து வைத்துவிட்டுப் போகிறோம், அடுத்த மாதம் வந்து அடிக்கிறோம்” என்ற ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள். தேக்குக்கு இன்னொரு குணம், உள்ளே எண்ணெய் உண்டு. பிரைமர் அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, ஆவி போனதும் அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

நல்ல பெயிண்ட் முடிந்து மரம் தொடங்கும் விளிம்பில் ஒரு படி இருக்கும். அந்தப் படியைச் சரிவாகத் தேய்த்துக் கரைக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் இன்னும் படி இருக்கிறது. பளபளப்பு எனாமல் அடித்தால் ஒரு தலைமுடி உயரப் படிகூட மாலை வெயிலில் மலை மாதிரி தெரியும்.

தேர்ச்சி பெற்ற பகுதிகளில் உங்கள் பெயிண்டர் சொன்னதேதான்: கழுவி, 180 நீர்த்தாளால் பளபளப்புச் சாகும்வரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு, மேலே இரண்டு பூச்சு. அவர் தவறான ஆள் இல்லை.

ஆனால் “பொங்கலுக்குள்” என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. தொழிலுக்கு வந்த புதிதில் மாயவரத்துப் பக்கம் ஒரு வீட்டில் மார்கழியில் பத்துக் கதவு முடித்துக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, வீட்டுக்காரர் வேட்டி எடுத்துக் கொடுத்தார். சித்திரையில் கூப்பிட்டு அனுப்பினார். ஒவ்வொரு கதவிலும் நடுப்பலகையின் இரு ஓரத்திலும், மேலிருந்து கீழ்வரை, நூல் பிடித்த மாதிரி ஒரு பழைய நீலக் கோடு. பலகை சட்டத்துக் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஆணியோ பசையோ இல்லாமல் சும்மா நிற்கும். மழைக்காலத்தில் ஊதி உள்ளே போகும், கோடையில் சுருங்கி வெளியே வரும். அதற்காகவே தச்சர் அப்படி விட்டிருக்கிறார். நான் ஊதியிருந்தபோது அடித்தேன். சுருங்கியதும் உள்ளே ஒளிந்திருந்த பழைய நிறம் வெளியே வந்துவிட்டது. இன்னும் அசட்டுத்தனம், காடி ஓரத்தில் இருந்த இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்திருந்தேன். அது அத்தனையும் வெடித்து உதிர்ந்திருந்தது. வேட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை, மறுபடி அடித்துத்தான் கொடுத்தேன்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை முழுக்க மரத்துக்குத் தண்ணீர் ஊட்டுகிறது. மார்கழிப் பனி அதைக் காயவிடுவதில்லை. ஊர் முழுக்கப் பொங்கலுக்கு முன் பெயிண்ட் அடிப்பதும் அதே நேரத்தில்தான். உள் சுவருக்கு வெள்ளையடித்துப் பொங்கலைக் கொண்டாடுங்கள். மரவேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளுங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு தொடங்குங்கள். கிடைக்காவிட்டால், கார்த்திகையில் இறுகிப்போய்த் தோளால் தள்ளித் திறந்த கதவு ஒரு விரல் அழுத்தத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல ஈரமானி இல்லை. இறுகும் கதவை மழைக்காலத்திலேயே இழைப்புளி போட்டுச் சீவாதீர்கள், கோடையில் காற்று விசிலடிக்கும்.

பட்டிக்கு வருகிறேன். மரம் தெரிந்த இடத்தில் முதலில் மர பிரைமர், அது காய்ந்த பிறகு பட்டி. தலைகீழாகச் செய்தால் காய்ந்த மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, மாவை மட்டும் மிச்சம் வைக்கும். அது ஒரு வருஷத்தில் கழலும். பட்டியைத் தேய்த்த பிறகு அதன்மேல் மறுபடி பிரைமர் தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் திட்டாகத் தெரியும். சுவருக்கு வாங்கிய வெள்ளைச் சிமெண்ட் பட்டி மிச்சம் இருக்கிறது என்று அதைக் கதவில் வைப்பவர்கள் உண்டு. மரம் அசையும், சிமெண்ட் அசையாது. அவ்வளவுதான் விஷயம். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த பழைய பட்டி இன்றும் சின்னப் பள்ளங்களுக்கு நன்றாக நிற்கும். பெரிய ஓட்டைக்கு எபாக்ஸி, அதைவிடப் பெரிதென்றால் தச்சரைக் கூப்பிட்டுத் தேக்குத் துண்டு ஒட்டுப் போடச் சொல்லுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

நிலைச் சட்டத்தின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனாலோ, தட்டினால் பொத்தென்று கேட்டாலோ கரையான் அல்லது உளுப்பு. அதன்மேல் செய்யும் எந்தப் பெயிண்ட் வேலையும் வீண். முதலில் அதற்கு மருந்து.

உங்கள் வாசல் கதவின் கீழ் ஒன்றரை அடி ஏன் உரிகிறது என்று இதுவரை சொல்லவில்லை. கதவைக் கழற்றியதும் அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், அங்கே பெயிண்டே இருக்காது, வெறும் மரம். தினமும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம், திண்ணை கழுவுகிறோம். தண்ணீர் படியில் நிற்கிறது. கதவின் இரு ஓரத்திலும் நெடுக நிற்கும் நெடுஞ்சட்டத்தின் நுனியில் மரத்தின் குழாய்கள் கட்டுக்கட்டாய் வாய் திறந்து நிற்கும், உறிஞ்சுகுழல் மாதிரி. தண்ணீர் அதன் வழியே ஏறி உள்ளேயிருந்து பெயிண்டைத் தள்ளுகிறது. முன்பக்கம் எத்தனை பூச்சு அடித்தாலும் வாயை அடைக்காமல் இது நிற்காது. அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் டர்பன்டைன் கலந்து நீர்த்த பிரைமர் உறிஞ்சும்வரை, பிறகு கெட்டியான பிரைமர், பிறகு எனாமல் இரண்டு பூச்சு. கதவு கழன்றிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய முடியும். கதவைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லும் பெயிண்டரிடம் வாசல் கதவைக் கொடுக்காதீர்கள்.

கழற்றும்போது கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் எண் எழுதி ஒட்டுங்கள். ஒரு கதவின் கீல் இன்னொன்றில் உட்காராது. பெயிண்ட் அப்பிய பித்தளைச் சாமான்களைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போட்டால் தோல் மாதிரி உரிந்து வரும்; உள்ளே இருப்பதைப் பார்த்தால் மறுபடி பெயிண்ட் அடிக்க மனம் வராது. ஜன்னலின் இரும்புக் கம்பிக்கு மர பிரைமர் கூடாது. துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர்.

பெயிண்டரிடம் பேசும் விதத்தையும் மாற்றுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசினால் தேய்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். எந்த மனிதனும் தன் நஷ்டத்துக்கு முழு மனதோடு உழைக்க மாட்டான். கழுவுவது, உரிப்பது, தேய்ப்பது, பட்டி எல்லாம் நாள்கூலியில். பூச்சு மட்டும் சதுர அடியில். பிரைமர் முடிந்ததும் நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகே நிறப் பெயிண்ட் டப்பாவைத் திறப்பது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே அடிப்பது எனாமலாகவே இருக்கட்டும், டர்பன்டைனில் கலப்பது. பழைய எனாமலின் மேல் என்சி லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் கலந்த, வேகமாகக் காயும் பூச்சு) அடித்தால் அதன் தின்னர் அடியில் உள்ளதைச் சுருக்கி, தோல் போலத் தூக்கிவிடும்.

மாசியில் முதலில் கொல்லைப்புறத்து மேற்கு ஜன்னல் ஒன்றை மட்டும் எடுத்து, தொடக்கம் முதல் கடைசிவரை முடித்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆகிறது, பெயிண்டரின் கை எப்படி என்று தெரிந்துவிடும். வாசல் கதவைக் கழற்றுவது அதற்குப் பிறகு. அன்றைக்கு வாசலுக்கு ஒரு தட்டியோ பழைய பிளைவுட் பலகையோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள், நான்கு இரவாவது கதவில்லாமல் தூங்க வேண்டியிருக்கும்.